லேப்டாப்பில் லினக்ஸ்: பாதி வேலை விண்டோஸுக்குள்ளேதான்

கேள்வி இதுதான். ஏழெட்டு ஆண்டு பழைய லேப்டாப். இன்டெல் ஏழாம் தலைமுறை ஐ5 செயலி, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்எஸ்டி. விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14 அன்று முடிந்துவிட்டது. விண்டோஸ் 11 இந்தச் செயலியை ஏற்கவில்லை. இருக்கிற விண்டோஸை வைத்துக்கொண்டே பக்கத்தில் லினக்ஸ் என்ற இன்னொரு இயங்குதளத்தை நிறுவ முடியுமா? எந்த லினக்ஸ்? நிறுவியபின் எதையெல்லாம் சரிசெய்ய வேண்டும்? பிடிக்காவிட்டால் திரும்பி வர வழி உண்டா?

முடியும். அந்த லேப்டாப்பைக் கிழம் என்று சொல்வது விண்டோஸ் 11 மட்டும்தான். லினக்ஸின் கணக்கில் அதற்கு நடுவயதுகூட ஆகவில்லை.

நிறுவல் என்பது எஸ்எஸ்டி உள்ள இயந்திரத்தில் இருபது நிமிட வேலை. நான் இதுவரை பலருக்கு நிறுவிக் கொடுத்திருக்கிறேன்; அந்த இருபது நிமிடத்தில் சிக்கிக்கொண்டவர்கள் குறைவு. அதற்கு முன்னால் விண்டோஸுக்குள் செய்யாமல் விட்ட ஏதோ ஒன்றுதான் பிறகு காலை வாரும். ஆகவே இந்தப் பதிலில் பெரும்பகுதி விண்டோஸைப் பற்றித்தான் இருக்கப்போகிறது.

முதலில் நகல் எடுத்து வையுங்கள். “முக்கியமானதெல்லாம் டி டிரைவில் பத்திரமாக இருக்கிறது” என்று சொல்லும் ஆட்களை வாரத்துக்கு ஒருவராவது பார்க்கிறேன். டி டிரைவும் அதே எஸ்எஸ்டியில் கோடு போட்டுப் பிரித்த இன்னொரு பகுதிதான். எஸ்எஸ்டி போனால் இரண்டும் சேர்ந்தே போகும். வேறொரு வன்வட்டிலோ பென்டிரைவிலோ படங்கள், ஆவணங்கள், பிரவுசரில் சேமித்த கடவுச்சொற்கள் எல்லாம் இருக்க வேண்டும். நகல் எடுத்ததோடு நிற்காமல் அதை வேறொரு கணினியில் திறந்து ஒரு படத்தையாவது பாருங்கள்.

அடுத்தது பிட்லாக்கர், வட்டில் உள்ளதைப் பிறர் படிக்க முடியாதபடி பூட்டும் விண்டோஸ் வசதி. “நான் அப்படி எதையும் போடவில்லையே” என்பீர்கள். நீங்கள் போட்டிருக்க வேண்டியதில்லை. பல லேப்டாப்களில் மைக்ரோசாஃப்ட் கணக்கில் நுழைந்த மாத்திரத்தில் வட்டு தானாகவே மறையாக்கம் செய்யப்பட்டுவிடும். ஹோம் பதிப்பில் அதற்கு ‘டிவைஸ் என்கிரிப்ஷன்’ என்று பெயர். அது இயங்கும் நிலையில் செக்யூர் பூட்டையோ (கையெழுத்தில்லாத நிரல்களைத் தொடங்கவிடாத காவல்) தொடங்கும் வரிசையையோ தொட்டால், வட்டைத் திருடன் கழற்றிக்கொண்டு போய்விட்டானோ என்ற சந்தேகம் விண்டோஸுக்கு வந்துவிடும். 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கும். ஒரு நண்பரின் லேப்டாப்பில் நான் இதைச் சோதிக்காமல் செக்யூர் பூட்டை அணைத்தேன். நீலத் திரை வந்து எண்ணைக் கேட்டது. எண் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும், சரி, கணக்கு யாருடையது? லேப்டாப் வாங்கிய அன்று அவருடைய அண்ணன் மகன் அவசரத்துக்குத் திறந்து கொடுத்தது. அந்தப் பையனைத் தொலைபேசியில் பிடித்து, அவன் மறந்துபோன கடவுச்சொல்லை மீட்டு, எண்ணை எழுதி வாங்குவதற்குள் பொழுது சாய்ந்துவிட்டது. செக்யூர் பூட்டை மறுபடி இயக்கியிருந்தாலே அது அடங்கியிருக்கும் என்பது எனக்கு அப்போது தோன்றவில்லை.

எனவே செட்டிங்ஸில் தேடிப் பாருங்கள். மறையாக்கம் இயங்குகிறதென்றால் முதலில் அந்த 48 இலக்கத்தைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பிறகு அதை அணைத்துவிடுங்கள். அணைக்க நேரம் பிடிக்கும். வட்டு முழுவதையும் அது திரும்பப் பிரித்தெழுத வேண்டுமே. முடிந்தது என்று திரையில் வரும்வரை மேற்கொண்டு எதையும் தொடாதீர்கள். பிட்லாக்கர் இயங்கும் வட்டைக் கண்டால் உபுண்டு (லினக்ஸில் ஒரு வகை) போன்றவற்றின் நிறுவிகள் அதன் அளவை மாற்றித் தர மறுத்துவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

மூன்றாவது, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப். பெயர் நல்ல பெயர்தான். ஆனால் அது இயங்கும்போது ‘ஷட்டவுன்’ அழுத்தினால் விண்டோஸ் முழுதாக அணைவதில்லை. தன் உட்கருவின் நிலையை வட்டில் எழுதிவைத்துவிட்டு அரைத்தூக்கத்துக்குப் போகிறது. அந்த நேரத்தில் லினக்ஸ் எழுந்து வந்து சி டிரைவைத் திறந்தால், ‘இது இன்னும் வேறொருவர் கையில் இருக்கிறது’ என்ற குறியைப் பார்த்து, படிக்க மட்டும் அனுமதிக்கும் அல்லது திறக்கவே மறுக்கும். லினக்ஸ் நிறுவிய ஒரு வாரத்தில் “விண்டோஸில் இருக்கும் கோப்பைத் திறக்க முடிகிறது, சேமிக்க முடியவில்லை” என்று ஒருவர் வந்து நின்றால், நான் வேறு எதையும் கேட்பதில்லை, இதைத்தான் அணைக்கச் சொல்கிறேன். கன்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸ், அதற்குள் பவர் பொத்தான் என்ன செய்ய வேண்டும் என்று தேர்ந்தெடுக்கும் பக்கம். அங்கே டிக் குறியை எடுத்துவிட்டால் போதும்.

நான்காவது, இடம் ஒதுக்குவது. விண்டோஸ் பகுதியை விண்டோஸின் சொந்தக் கருவியாலேயே சுருக்குங்கள். டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் சி டிரைவின் மேல் வலது சொடுக்கினால் ‘ஷ்ரிங்க்’ கிடைக்கும். 256 ஜிபியில் லினக்ஸுக்கு 80 ஜிபி தாராளம். 40 ஜிபியிலும் காலம் தள்ளலாம், ஆனால் ஒரு வருடத்தில் இடிக்கும். சில நேரம் வட்டில் 120 ஜிபி காலியாக இருந்தும், 15 ஜிபிக்கு மேல் சுருக்க முடியாது என்று விண்டோஸ் அடம்பிடிக்கும். நகர்த்த முடியாத கோப்பு ஏதோ ஒன்று நடுவழியில் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். பெரும்பாலும் பேஜ் கோப்பு, ஹைபர்னேஷன் கோப்பு, மீட்புப் புள்ளிகள். மூன்றையும் தற்காலிகமாக அணைத்து, ஒரு முறை மறுதொடக்கம் செய்துவிட்டுச் சுருக்கிப் பாருங்கள். வேலை முடிந்தபின் பேஜ் கோப்பைத் திரும்ப இயக்க மறக்க வேண்டாம்.

சுருக்கியவுடன் கறுப்புப் பட்டை போட்ட ஒதுக்கப்படாத இடம் ஒன்று தெரியும். அதை அப்படியே விடுங்கள். சுத்தமாக வைத்துக்கொள்ளும் ஆர்வத்தில் அதை ஃபார்மாட் செய்து ‘ஈ டிரைவ்’ ஆக்கிவிடுபவர்கள் உண்டு. அப்படிச் செய்தால் நிறுவியின் கண்ணுக்கு அது காலியிடம் அல்ல, இன்னொரு விண்டோஸ் டிரைவ்.

விண்டோஸை விட்டு வெளியேறும் முன் கடைசியாக ஒன்று. பயாஸ் அமைப்புக்குள் (விண்டோஸ் எழுவதற்கு முன்பே திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) போய் சேமிப்பக முறை ‘ஏஎச்சிஐ’ என்று இருக்கிறதா, ‘ரெய்டு’ அல்லது ‘ஆர்எஸ்டி’ என்று இருக்கிறதா என்று பாருங்கள். பின்னது என்றால் லினக்ஸ் நிறுவி உங்கள் எஸ்எஸ்டியைக் காணவே காணாது. பென்டிரைவ் மட்டும் பட்டியலில் நிற்கும், நீங்கள் வட்டு கெட்டுப்போய்விட்டதோ என்று பதறுவீர்கள். நேரடியாக ஏஎச்சிஐக்கு மாற்றினால் இந்த முறை விண்டோஸ் நீலத் திரையில் விழும், ஏனென்றால் தொடங்கும்போது அந்த டிரைவரை ஏற்ற வேண்டும் என்று அதற்குத் தெரியாது. சுற்றுவழி இது: விண்டோஸில் ‘சிஸ்டம் கான்ஃபிகரேஷன்’ திறந்து அடுத்த முறை சேஃப் மோடில் தொடங்கும்படி குறித்துவிட்டு மறுதொடக்கம், பயாஸில் ஏஎச்சிஐக்கு மாற்றம், சேஃப் மோடில் விண்டோஸ் எழுந்ததும் குறியை நீக்கிவிட்டு இன்னொரு மறுதொடக்கம். அவ்வளவுதான். சேஃப் மோடில் நான்கு இலக்கப் பின் எண் வேலை செய்யாமல் போவதுண்டு. கணக்கின் முழுக் கடவுச்சொல் கைவசம் இருக்கட்டும்.

இப்போது எந்த லினக்ஸ் என்ற கேள்வி. இதற்கு மணிக்கணக்கில் வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பத்தியில் முடித்துவிடுகிறேன். உங்களுக்கு லினக்ஸ் மிண்ட், சின்னமன் மேசைத்தளத்துடன். 2006 முதல் வரும் வழங்கல் (நிறுவத் தயாரான லினக்ஸ் தொகுப்பு) இது. மிண்ட் 22 வரிசை உபுண்டு 24.04இன் மேல் கட்டப்பட்டது, 2029 வரை ஆதரவு உண்டு. தொடக்கப் பட்டியும் பணிப்பட்டியும் நீங்கள் பழகிய இடத்திலேயே இருக்கும். 4 ஜிபி ரேம் மட்டும் உள்ளவர்கள் அதன் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை எடுக்கலாம். கடந்த சில மாதங்களில் வெளிவந்த புத்தம் புதிய லேப்டாப் வைத்திருப்பவர்களுக்கு ஃபெடோரா பொருந்தும், ஏனென்றால் புதிய வன்பொருளுக்குப் புதிய கெர்னல், அதாவது லினக்ஸின் உட்கரு, வேண்டும். ஃபெடோரா ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு விடுகிறது. முதல் லினக்ஸாக ஆர்ச்சைப் போடச் சொல்லும் நண்பர், நிறுவும் நாள் முழுவதும் உங்கள் பக்கத்தில் உட்காரத் தயாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

நிறுவலுக்கான ஐஎஸ்ஓ கோப்பைத் தரவிறக்கியதும் அதன் ஷா256 எண்ணைச் சரிபாருங்கள். 64 எழுத்துள்ள கைரேகை அது. வழங்கலின் தளத்தில் கொடுத்திருப்பதும் உங்கள் கோப்பில் வருவதும் ஒன்றாக இருக்க வேண்டும். பாதியில் அறுந்த தரவிறக்கத்தை வைத்துக்கொண்டு, நிறுவல் எழுபது சதவீதத்தில் ஏன் நிற்கிறது என்று இரவெல்லாம் மண்டையை உடைத்துக்கொள்வதைவிட இரண்டு நிமிடச் சோதனை மேல். ஐஎஸ்ஓவைப் பென்டிரைவில் சும்மா நகலெடுத்து வைத்தால் அது தொடங்காது. ரூஃபஸ் அல்லது எட்சர் என்ற கருவி கொண்டு எழுத வேண்டும். 8 ஜிபி பென்டிரைவ் போதும்; அதில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும்.

பென்டிரைவிலிருந்து தொடங்க எஃப்12, எஃப்9, எஸ்கேப் என்று ஒவ்வொரு நிறுவனத்துக்கும் ஒரு பொத்தான். அந்த அரை விநாடியைப் பிடிக்கப் போராட வேண்டாம். விண்டோஸில் ஷிஃப்ட் பொத்தானை அழுத்திக்கொண்டே ‘ரீஸ்டார்ட்’ சொடுக்குங்கள். எந்தச் சாதனத்திலிருந்து தொடங்குவது என்று நிதானமாகக் கேட்கும்.

மிண்ட் பென்டிரைவிலிருந்தே முழு மேசைத்தளமாக எழும். இன்னும் எதுவும் நிறுவப்படவில்லை, உங்கள் எஸ்எஸ்டியில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. அந்த நிலையில் கால் மணி நேரம் புழங்கிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, ஒலி வருகிறதா, திரை வெளிச்சப் பொத்தான்கள் கேட்கின்றனவா, மூடியை மூடித் திறந்தால் விழித்தெழுகிறதா. கைரேகை உணரி மட்டும் வேலை செய்யாவிட்டால் அதிர்ச்சி அடைய வேண்டாம். பல உணரிகளுக்கு லினக்ஸ் டிரைவரே கிடையாது. வைஃபை பிடிக்கவில்லையென்றால் பெரும்பாலும் பிராட்காம் சில்லாக இருக்கும். கைப்பேசியை யுஎஸ்பி கம்பியில் இணைத்து ‘டெதரிங்’ இயக்குங்கள். லினக்ஸ் அதைக் கம்பி இணைப்பாகவே எடுத்துக்கொள்ளும். டிரைவரை இறக்கும்வரை அதுதான் உயிர்நாடி.

எல்லாம் சரி என்றால் மேசைத்தளத்தில் உள்ள நிறுவல் படத்தைச் சொடுக்கலாம். மொழி, விசைப்பலகை என்று கேட்டுவிட்டு, மல்டிமீடியா கோடெக் வேண்டுமா என்று ஒரு டிக் கேட்கும், போட்டுவிடுங்கள். அதற்கு அடுத்து வரும் திரைதான் இந்த மொத்த வேலையிலும் மெதுவாகப் படிக்க வேண்டிய ஒரே திரை.

‘விண்டோஸுக்குப் பக்கத்தில் நிறுவு’, ‘வட்டை அழித்து நிறுவு’, ‘வேறு வகையில்’ என்று மூன்று தேர்வுகள் இருக்கும். முதலாவதும் வேலை செய்யும். ஆனால் எங்கே எவ்வளவு எடுக்கிறது என்று நம் கண்ணால் பார்ப்பது நல்லது, மூன்றாவதை எடுங்கள். வட்டுகளின் பட்டியல் விரியும். ‘என்விஎம்இ’ என்று தொடங்கும் பெயர் இருந்தால் அது உள்ளே இருக்கும் எஸ்எஸ்டி. எஸ்எஸ்டி சாட்டா வகையாக இருந்தால் ‘எஸ்டிஏ’ என்று வரும்; பென்டிரைவும் ‘எஸ்டிஏ’ அல்லது ‘எஸ்டிபி’ என்ற பெயரிலேயே நிற்கும். பெயரைக் கொண்டு முடிவு செய்யாமல் அளவைக் கொண்டு முடிவு செய்யுங்கள்: 256 ஜிபி எஸ்எஸ்டி 238 ஜிபி என்றோ 256060 எம்பி என்றோ தெரியும், 8 ஜிபி பென்டிரைவை அதோடு குழப்பிக்கொள்ள முடியாது.

எஸ்எஸ்டியின் கீழே பகுதிகள் வரிசையாக இருக்கும். முதலில் சிறியதாக, பெரும்பாலும் 100 எம்பி அளவில், ஃபேட்32 வகையில் ஒன்று. அதுதான் ஈஎஃப்ஐ பகுதி. கணினியைத் தொடங்கிவைக்கும் சிறு நிரல்கள் குடியிருக்கும் இடம். விண்டோஸின் தொடக்க நிரல் ஏற்கெனவே அதற்குள் இருக்கிறது. லினக்ஸின் தொடக்க நிரலும் அதே வீட்டில் இன்னொரு அறையில் குடியேறும். அதைத் தேர்ந்தெடுத்துப் பார்த்தால் ‘ஈஎஃப்ஐ’ என்று குறிக்கப்பட்டிருக்கும். ‘ஃபார்மாட்’ கட்டத்தில் டிக் இருக்கக் கூடாது. டிக் போட்டால் விண்டோஸின் கோப்புகள் அத்தனையும் வட்டில் பத்திரமாக இருந்தும் அது தொடங்காது. பிறகு நீங்கள் சுருக்கி வைத்த காலியிடம். அதைத் தேர்ந்தெடுத்து கூட்டல் குறியை அழுத்துங்கள். அளவு முழுவதும், வகை எக்ஸ்ட்4, மவுன்ட் இடம் ஒற்றைச் சாய்கோடு (/). அவ்வளவே.

உங்கள் சொந்தக் கோப்புகள் இருக்கும் ‘ஹோம்’ பகுதியைத் தனியாகப் பிரிக்க வேண்டும் என்று பலர் சொல்வார்கள். 500 ஜிபி இருந்தால் நானும் சொல்வேன். 80 ஜிபியை இரண்டாகப் பிரித்தால் ஒரு பக்கம் நிரம்பி வழியும்போது மறுபக்கம் காலியாகக் கிடக்கும். ரேம் போதாதபோது கைகொடுக்கும் ஸ்வாப் பகுதியும் தனியாக வேண்டாம், நிறுவி ஒரு ஸ்வாப் கோப்பைத் தானே உருவாக்கிக்கொள்ளும். ஹைபர்னேட் செய்துதான் தீருவேன் என்றால் மட்டும் ரேமுக்குக் குறையாத ஸ்வாப் தேவை. தூங்கவைப்பதற்கு அது தேவையில்லை.

‘நிறுவு’ அழுத்தியதும் ஒரு சின்னப் பெட்டி வரும். எந்தெந்தப் பகுதி ஃபார்மாட் ஆகப்போகிறது என்று சொல்லும். அதில் நீங்கள் இப்போது உருவாக்கிய எக்ஸ்ட்4 பகுதி ஒன்று மட்டுமே இருக்க வேண்டும். இரண்டாவதாக எது இருந்தாலும் பின்வாங்குங்கள். இந்தப் பெட்டி வரை எதுவும் எழுதப்படவில்லை.

உங்கள் லேப்டாப்பில் என்விடியா வரைகலை அட்டையோ பிராட்காம் வைஃபையோ இருந்து, செக்யூர் பூட்டும் இயங்கிக்கொண்டிருந்தால், நிறுவும்போதோ பிறகு டிரைவர் போடும்போதோ ஒரு கடவுச்சொல் கேட்கும். இது எதற்கு என்று புரியாமல் எதையோ தட்டிவிட்டு மறந்துவிடுவார்கள். விஷயம் இதுதான். செக்யூர் பூட் கையெழுத்து இல்லாத எதையும் ஓடவிடாது. மிண்டின் தொடக்க நிரலுக்கு மைக்ரோசாஃப்டின் கையெழுத்து இருக்கிறது, கெர்னலுக்கு உபுண்டுவின் கையெழுத்து இருக்கிறது. ஆனால் இந்த டிரைவர்களில் சில உங்கள் இயந்திரத்திலேயே தொகுக்கப்படுகின்றன. அவற்றுக்கு உங்கள் இயந்திரமே ஒரு திறவுகோல் உருவாக்கிக் கையெழுத்திடுகிறது. அந்தத் திறவுகோலை நம்பலாம் என்று லேப்டாப்பின் உரிமையாளரான நீங்கள் நேரில் வந்து சொல்ல வேண்டும். அந்த ‘நேரில்’தான் மறுதொடக்கத்தின்போது வரும் நீலத் திரை.

ஏதாவது ஒரு பொத்தானை அழுத்தச் சொல்லி அது பத்து விநாடி எண்ணும். பலர் இதைப் பிழைச் செய்தி என்று நினைத்துக் கைகட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள், பத்து விநாடி ஓடிவிடும், லினக்ஸ் இயல்பாக எழும், டிரைவர் மட்டும் ஏறாது. எனவே பொத்தானை அழுத்துங்கள். ‘என்ரோல் எம்ஓகே’, பிறகு ‘கன்டினியூ’, ‘யெஸ்’, அந்தக் கடவுச்சொல், ‘ரீபூட்’. அந்தத் திரைக்கு அமெரிக்க விசைப்பலகை மட்டுமே தெரியும். அதனால் சிறிய எழுத்துகள் மட்டும் கொண்ட எளிய கடவுச்சொல்லாக வையுங்கள். இந்த ஒரு முறைக்குத்தான் அது தேவைப்படும். தவறவிட்டிருந்தால் டிரைவரை நீக்கித் திரும்ப நிறுவினால் பெரும்பாலும் திரை மறுபடி வரும்.

இதற்குப் பயந்து செக்யூர் பூட்டையே அணைத்துவிடச் சொல்பவர்களும் உண்டு. அணைத்தாலும் லினக்ஸ் ஓடும். நான் இயங்கவே விடுவேன். ஆனால் 2024 ஆகஸ்ட்டில் நடந்ததைச் சொல்லாமல் விட்டால் நேர்மையாக இருக்காது. அந்த மாத விண்டோஸ் பாதுகாப்புப் புதுப்பிப்பு ஒன்று பழைய தொடக்க நிரல்களைச் செல்லாதவை ஆக்கியது. இரண்டு இயங்குதளங்கள் உள்ள கணினிகளைத் தொடாது என்று மைக்ரோசாஃப்ட் சொல்லியிருந்தும் பலருடைய லினக்ஸ் ‘பாதுகாப்புக் கொள்கை மீறல்’ என்று சொல்லி நின்றுபோனது. தற்காலிகமாகச் செக்யூர் பூட்டை அணைத்து, லினக்ஸுக்குள் போய்ப் புதுப்பித்துச் சரிசெய்தார்கள். எழுதிய பென்டிரைவை அழித்துவிடாமல் மேசை இழுப்பறையில் போட்டுவையுங்கள் என்று நான் சொல்வது இப்படிப்பட்ட நாள்களுக்காகத்தான்.

இதைவிட அடிக்கடி நடப்பது, ஒரு பெரிய விண்டோஸ் புதுப்பிப்புக்குப் பிறகு லினக்ஸ் தேர்வுப் பட்டியே வராமல் நேராக விண்டோஸ் எழுவது. லினக்ஸ் அழிந்துவிடவில்லை. வரிசையில் விண்டோஸ் தன்னை முன்னால் நிறுத்திக்கொண்டிருக்கிறது. பயாஸின் தொடக்க வரிசையில் லினக்ஸை மேலே ஏற்றுங்கள். அங்கே ‘மிண்ட்’ என்று தேடினால் கிடைக்காது. மிண்ட் தன்னை ‘உபுண்டு’ என்ற பெயரிலேயே பதிந்துவைக்கிறது. நேர்மாறாக, லினக்ஸ் பட்டியில் விண்டோஸ் இல்லாமல் போவதும் உண்டு. அந்தப் பட்டியைக் காட்டும் நிரலின் பெயர் க்ரப். அதன் 2.06 பதிப்பிலிருந்து பிற இயங்குதளங்களைத் தேடும் வசதி இயல்பாக அணைக்கப்பட்டிருக்கிறது. க்ரப்பின் அமைப்புக் கோப்பில் ‘ஓஎஸ் புரோபர்’ முடக்கத்தை ‘ஃபால்ஸ்’ ஆக்கிவிட்டு க்ரப்பைப் புதுப்பித்தால் விண்டோஸ் திரும்பி வந்து நிற்கும்.

லினக்ஸுக்குள் நுழைந்ததும் அப்டேட் மேனேஜரை ஓடவிடுங்கள், பிறகு டிரைவர் மேனேஜர். என்விடியா இருந்தால் அது பரிந்துரைக்கும் பதிப்பையே எடுங்கள்; அந்த நிறுவனத்தின் தளத்திலிருந்து நேரடியாக இறக்கிப் போடாதீர்கள், அடுத்த கெர்னல் வந்ததும் கறுப்புத் திரைதான். மென்பொருள் எதுவாக இருந்தாலும் இதே பழக்கம் வேண்டும். முதலில் சாஃப்ட்வேர் மேனேஜரில் தேடுங்கள். எங்கோ ஒரு தளத்தில் கோப்பை இறக்கி இரண்டு முறை சொடுக்குவது விண்டோஸ் பழக்கம்.

அதற்குப் பிறகு டைம்ஷிஃப்ட். கணினியின் நிலையைப் புகைப்படம்போல் பிடித்துவைக்கும். ஒரு புதுப்பிப்பு கெடுத்துவிட்டால் நேற்றைய நிலைக்குப் போகலாம். இயல்பு நிலையில் அது உங்கள் ஹோம் கோப்புறையைச் சேர்க்காது. உங்கள் படங்களுக்கு அது நகல் அல்ல.

விண்டோஸுக்குத் திரும்பிப் போகும்போது கடிகாரம் சில மணி நேரம் பிசகியிருப்பதைப் பார்ப்பீர்கள். பேட்டரி செத்துவிட்டதாக நினைத்து மதர்போர்டு பேட்டரியை மாற்றியவரை எனக்குத் தெரியும். வன்பொருள் கடிகாரத்தில் இருப்பது உள்ளூர் நேரம் என்று விண்டோஸ் நினைக்கிறது, உலகப் பொது நேரம் என்று லினக்ஸ் நினைக்கிறது. பிசகு சரியாக உங்கள் நேர மண்டலத்தின் வித்தியாசம்தான். லினக்ஸ் பக்கம் ‘டைம்டேட்சிடிஎல்’ கட்டளையில் உள்ளூர் நேரத்தைப் பயன்படுத்தச் சொல்லிவிட்டால் இருவரும் சமாதானமாகிவிடுவார்கள்.

பேட்டரி பற்றி அதிகம் எதிர்பார்க்க வேண்டாம். சில லேப்டாப்களில் லினக்ஸில் கூடுதலாக நிற்கும், சிலவற்றில் குறையும். டிஎல்பி என்ற கருவி உதவும்; ஆனால் மேசைத்தளத்தோடு வரும் பவர் புரொஃபைல்ஸ் சேவையும் டிஎல்பியும் ஒரே நேரத்தில் இயங்கக் கூடாது, ஒன்று வைப்பதை மற்றது கலைக்கும்.

தமிழில் தட்டச்சு செய்பவர் என்பதால் இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். விசைப்பலகை அமைப்பில் ‘தமிழ்’ என்று சேர்த்துவிட்டு, “தமிழ்99 சரியாக வேலை செய்யவில்லை” என்று சலித்துக்கொள்கிறார்கள். அது விசைக்கு ஓர் எழுத்து என்று பொருத்தித் தரும் வெறும் பலகை. தமிழ்99இன் அறிவு முழுவதும் அதன் விதிகளில் இருக்கிறது. ‘அம்மா’ என்று எழுத அ, ம, ம, ஆ என நான்கு தட்டு போதும், நடுவில் உள்ள புள்ளியை அதுவே வைக்க வேண்டும். அதற்கு ஐபஸ் என்ற உள்ளீட்டு மென்பொருள் வேண்டும், அதோடு அந்த விதிகளைத் தரும் எம்17என் தொகுப்பும் வேண்டும். இரண்டையும் நிறுவி, இன்புட் மெதட் அமைப்பில் ஐபஸைத் தேர்ந்தெடுத்து, வெளியேறி மறுபடி உள்ளே வாருங்கள். இந்த வெளியேறும் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். ஐபஸ் விருப்பங்களில் தமிழின் கீழ் தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி எல்லாம் வரிசையாக இருக்கும். பிறகு ‘அம்மா’ என்று நான்கு தட்டில் அடித்துப் பாருங்கள். புள்ளி தானாக விழுந்தால் சரியான இடத்துக்கு வந்துவிட்டீர்கள்.

எழுத்துருக்கு நோட்டோ சான்ஸ் தமிழ் போதும். லிப்ரே ஆஃபிஸில் மட்டும் ஒரு விசித்திரம். எழுத்துருவை மாற்றுவீர்கள், ஆங்கிலம் மாறும், தமிழ் அசையாது. லிப்ரே ஆஃபிஸின் கணக்கில் தமிழ் ‘சிக்கலான எழுத்தமைப்பு’ என்ற தனி வகை. அதற்குத் தனி எழுத்துரு, தனி அளவு. மொழி அமைப்புகளில் அந்த வகையை இயக்கிவிட்டால், எழுத்துப் பெட்டியில் அதற்கான தனிக் கட்டம் தோன்றும். யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் அடித்த பழைய கோப்புகள் அந்த எழுத்துரு இல்லாமல் ஆங்கிலக் குப்பையாகத் தெரியும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றி வைத்துக்கொள்ளுங்கள். எந்த இயங்குதளத்துக்குப் போனாலும் அது பயன்படும்.

விண்டோஸை வைத்திருப்பது அடோபி மென்பொருளுக்கோ, சில இணைய விளையாட்டுகளுக்கோ என்றால் நியாயம்தான். அவை லினக்ஸில் ஓடாது. ஆனால் பாதுகாப்புப் புதுப்பிப்பு நின்ற விண்டோஸ் 10இல் வங்கி வேலை பார்க்காதீர்கள். அதை லினக்ஸ் பக்கம் கொண்டுவந்துவிடுங்கள்.

கடைசிக் கேள்வி, திரும்பி வர வழி. உண்டு, ஆனால் வரிசை முக்கியம். முதலில் பயாஸில் விண்டோஸ் பூட் மேனேஜரை வரிசையின் உச்சிக்குக் கொண்டுபோங்கள். விண்டோஸ் நேராக எழுவதைப் பார்த்த பிறகுதான் டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறக்க வேண்டும். எழுத்துப் பெயரில்லாமல் 80 ஜிபிக்கு நிற்பதுதான் லினக்ஸ் பகுதி. அதை நீக்கினால் மறுபடி கறுப்புப் பட்டை ஆகிவிடும். அது சி டிரைவுக்கு ஒட்டியே வலப்பக்கம் இருப்பதால் ‘எக்ஸ்டெண்ட்’ கொடுத்துச் சேர்த்துக்கொள்ளலாம். ஈஎஃப்ஐ பகுதிக்குள் உபுண்டு என்ற பெயரில் சில எம்பி கோப்புறை ஒன்று தங்கும். கிடந்துவிட்டுப் போகட்டும், இடைஞ்சல் எதுவும் செய்யாது. வரிசையை மாற்றாமல் பகுதியை முதலில் அழித்துவிட்டீர்கள் என்றால், கறுப்புத் திரையில் ‘க்ரப்’ என்று மட்டும் எழுதி, பக்கத்தில் கர்சர் துடித்துக்கொண்டு நிற்கும். பதற வேண்டாம். கணினியை அணைத்து இயக்கி, தொடக்கப் பட்டிக்கான பொத்தானை அழுத்தி விண்டோஸ் பூட் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். உள்ளே போனபின் வரிசையைச் சரிசெய்துகொள்ளலாம்.